சிஜிஆர்பி கடந்த தூரம்

காதுக்குச் சற்று முன்னே, மண்டையோட்டின் அடித்தளத்தில் இருக்கிறது டிரைஜெமினல் நரம்புமுடிச்சு. முகத்தின் உணர்ச்சிகளை மூளைக்குக் கொண்டுபோகும் செல்கள் குவிந்திருக்கும் இடம் அது. ஒற்றைத் தலைவலியில் பெரும்பங்கு வகிக்கும் சிஜிஆர்பி இங்கே உருவாகிறது. 37 அமினோ அமிலங்கள் கோத்த சின்னஞ்சிறு புரதத்துண்டு. தைராய்டில் கால்சிடோனின் ஹார்மோனைத் தரும் அதே மரபணுதான், நரம்பில் அதன் செய்தி வேறு விதமாக வெட்டி ஒட்டப்படுவதால் சிஜிஆர்பியைத் தருகிறது. சூசன் அமாரா, மைக்கேல் ரோசன்ஃபெல்ட், ரொனால்ட் எவான்ஸ் ஆகியோரின் குழு 1982இல் இதைக் கண்டது. அவர்கள் ஆராய்ந்தது எலிகளின் தைராய்டுப் புற்றை, தலைவலியை அல்ல.

உருவான மூலக்கூறு நுண்பைகளில் அடைபட்டு, நரம்பிழை வழியே மூளையைப் போர்த்தியிருக்கும் உறைக்கு வந்து சேர்கிறது. மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. உறைக்கும் அங்குள்ள ரத்தக்குழாய்களுக்கும் நன்றாகத் தெரியும். நரம்பு தூண்டப்பட்டால் நுண்பைகள் திறக்கும், குழாய்கள் விரியும், பக்கத்து நரம்பிழைகளும் உசுப்பப்படும். பிறகு சிஜிஆர்பி சிரை ரத்தத்தில் கலந்து கழுத்துக்கு இறங்குகிறது. ரத்தத்தில் அதன் ஆயுள் சில நிமிடங்களே.

அதற்குள் அதைப் பிடித்தவர்கள் பீட்டர் கோட்ஸ்பியும் லார்ஸ் எட்வின்சனும். வலி உச்சத்தில் இருந்தவர்களின் கழுத்துச் சிரையிலிருந்து எடுத்த ரத்தத்தில் சிஜிஆர்பி கூடியிருந்ததை 1990இல் வெளியிட்டார்கள். அதே நேரத்தில் முழங்கை மடிப்பில் எடுத்த ரத்தத்தில் அந்த உயர்வு இல்லை. எல்லா ரிப்போர்ட்டும் நார்மல் என்று கேட்டுக்கேட்டு, இருட்டறையில் துணியால் தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிடந்த எத்தனையோ பெண்களை நினைத்தால் மனம் கனக்கிறது. அவர்களுடைய வலிக்குத் தடயம் இருந்தது. வழக்கமாக ஊசி குத்தும் கையில் அது இல்லை, அவ்வளவுதான்.

சிஜிஆர்பி எல்லோருடைய உடம்பிலும் இருக்கிறது. அப்படியானால் வித்தியாசம் எங்கே? கோபன்ஹேகனில் யெஸ் ஓலெசனின் குழு அதை ஒற்றைத் தலைவலிக்காரர்களின் ரத்தத்தில் நேரடியாகச் செலுத்திப் பார்த்தது. 2002இல் முடிவுகள் வந்தன. சில மணி நேரத்தில் சிலருக்கு அவர்களுக்குப் பழகிய அதே வலி வந்தது. இந்த நோய் இல்லாதவர்களுக்குச் செலுத்தினால் பெரும்பாலும் லேசான தலைபாரத்தோடு போய்விடுகிறது. ஆக, மூலக்கூறு ஒன்றுதான்; அதை எதிர்கொள்ளும் நரம்பு மண்டலம் வேறு. இந்தக் கதையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். மனத்திடம் இல்லாததால் வரும் வலி என்று யாராவது சொன்னால், இந்தச் சோதனையைச் சொல்லுங்கள்.

அதன் பிறகு வழிமறிக்கும் வேலை. டெல்காஜெபன்ட் என்ற மாத்திரை வலியைத் தணித்தது, ஆனால் சிலருக்குக் கல்லீரலைத் தொட்டதால் கைவிடப்பட்டது. 2018 மே மாதம் எரெனுமாப் ஊசிக்கு அமெரிக்கா அனுமதி தந்தது. இது சிஜிஆர்பி வந்து ஒட்டும் ஏற்பியை அடைக்கும் எதிர்ப்பொருள். மாதம் ஒருமுறை தோலுக்கடியில் போடுவது. இவ்வளவு பெரிய மூலக்கூறு மூளைக்குள் எளிதில் நுழையாது. நுழையத் தேவையும் இல்லை. டிரைஜெமினல் முடிச்சு மூளையின் ரத்தத்தடுப்புக்கு வெளியேதான் இருக்கிறது.

இந்த ஆய்வுகளுக்காக எட்வின்சன், கோட்ஸ்பி, ஓலெசன், மைக்கேல் மோஸ்கோவிட்ஸ் நால்வருக்கும் 2021இல் மூளை ஆய்வுக்கான பிரெய்ன் பரிசு கிடைத்தது.

சிஜிஆர்பியை அடைத்தும் வலி குறையாதவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுக்காகத் தேடல் பாகாப் என்ற இன்னொரு நரம்புப் புரதத்தின் பக்கம் திரும்பியிருக்கிறது. அதைச் செலுத்தினாலும் ஒற்றைத் தலைவலி வரும் என்று கோபன்ஹேகன் குழு 2009இலேயே காட்டிவிட்டது. அதற்கு எதிரான ஊசி ஒன்று 2024இல் வெளியான இரண்டாம் கட்டச் சோதனையில் வலி வரும் நாட்களைக் குறைத்திருக்கிறது.