0.5, 8, 26 - மூணு நம்பரின் கதை

பொட்டை நாய்க்குட்டி வளர்க்கிற யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. "ஆறு மாசத்துல ஆபரேஷன் பண்ணிடுங்க, முதல் ஹீட்டுக்கு முன்னாடியே" என்பார்கள். ஏன் என்றால், "அப்பத்தான் மார்புல கேன்சர் வராது". இந்தக் கணக்கு எங்கேர்ந்து வந்தது என்று தோண்டப் போனேன். அதான் இந்தப் பதிவு. (நான் டாக்டர் இல்லீங்க. கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். நம்பரைப் பார்த்தா நோண்டாம இருக்க முடியாது.)

ஆதி மூலம் 1969. கலிஃபோர்னியாவில் ஷ்னைடர், டார்ன், டெய்லர் என்று மூணு பேர். கட்டுரை வந்தது நாய் வைத்தியப் பத்திரிகையில் இல்லை, அமெரிக்க தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் ஆய்விதழில்! மார்பில் புற்று வந்த நாய்களையும் வராத நாய்களையும் எதிரெதிரே வைத்து, எதெதற்கு எப்போது கருத்தடை ஆபரேஷன் ஆனது என்று பார்த்தார்கள். முதல் ஹீட்டுக்கு முன் செய்திருந்தால் 0.5, ஒரு ஹீட்டுக்கு அப்புறம் என்றால் 8, ரெண்டு அல்லது மேலே என்றால் 26. எல்லாம் சதவீதம்.

இங்கதான் விஷயம். "சீக்கிரம் பண்ணினா அரை சதவீத நாய்க்குத்தான் கேன்சர், லேட் பண்ணினா 26 சதவீத நாய்க்கு" என்று பரவிவிட்டது. அந்த அட்டவணை சொன்னது அது இல்லை. ஆபரேஷனே செய்யாத நாயின் அபாயத்தை 100 என்று வைத்துக்கொண்டால், மத்தவை 0.5, 8, 26. அந்த நூறு நிஜத்தில் எத்தனை நாய் என்பது வேறு கேள்வி. கடையில் "பாதி விலை" என்று போர்டு பார்த்தவுடன், முழு விலை என்ன என்று கேட்காமலே பை நிறைய வாங்குகிற மாதிரி :-)

2012ல் லண்டன் ராயல் வெட்டரினரி காலேஜ்காரர்கள் இது சம்பந்தமாக வந்த 13 ஆய்வுகளை எடுத்து அலசினார்கள். ஒன்பதில் ஒருதலைச் சாய்வுக்கான வாய்ப்பு அதிகம், மீதி நாலில் நடுத்தரம். ஆதாரம் பலவீனம் என்று எழுதிவிட்டார்கள். பொய் என்று சொல்லவில்லை, கவனிங்க. இவ்வளவு உறுதியா பேச இது போதாது என்றுதான் சொன்னார்கள்.

இதுக்கு நடுவுல அமெரிக்காவில் இன்னொரு ரயில் ஓடிக்கிட்டிருந்தது. காப்பகங்களில் நாய் பெருத்துப்போய், 1971ல் லாஸ் ஏஞ்சலஸ் நகராட்சியே குறைந்த கட்டணத்தில் ஆபரேஷன் செய்யும் கிளினிக் திறந்தது. 1987ல் லீபர்மன் என்பவர் ரெண்டு மாசக் குட்டிக்கே செய்துவிடலாம் என்று வாதாடினார். குட்டியைத் தத்துக் கொடுத்துட்டு "ஆறு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க"ன்னா எத்தனை பேர் வருவாங்க? நியாயமான கவலைதான். ஆனால் 2004ல் கார்னெல் ஆய்வில், மூணு மாசத்துக்கும் முன்னாடி செய்த பெண் நாய்களுக்குப் பிற்காலத்தில் தன்னையறியாமல் மூத்திரம் கசிவது அதிகம் என்று தெரிந்தது.

2013ல் டேவிஸ் பல்கலைக்கழகம் 759 கோல்டன் ரிட்ரீவர்களின் ஆஸ்பத்திரிப் பதிவைப் பார்த்தது. ஒரு வயதுக்குள் செய்தவற்றில் முழங்கால் தசைநார் கிழிவது கூடுதல். சரி, அப்ப தள்ளிப் போடலாம்னு பார்த்தா, லேட்டாகச் செய்த பெண் நாய்களில் ரத்தக்குழாய்ப் புற்றுநோய் ஒன்று கூடுதல்! போங்கடா என்றாகிவிட்டது எனக்கு. 2020ல் அவர்களே 35 இனங்களைப் பார்த்து, இனத்துக்கு இனம் பதில் வேறு என்றார்கள். சின்ன இனங்களில் மூட்டுப் பிரச்சினை பெரும்பாலும் கூடவில்லை.

கேன்சர் பேச்சிலேயே எல்லாரும் மறக்கிறது கர்ப்பப்பையில் சீழ் பிடிப்பது. ஸ்வீடனில் சும்மா கருத்தடை செய்யும் வழக்கம் குறைவு. அங்கே இன்சூரன்ஸ் பதிவுகளை வைத்துப் பார்த்ததில், பத்து வயசுக்குள் ஏறக்குறைய நாலில் ஒரு பெண் நாய்க்கு இது வருகிறது. எங்க பழைய நாய் கறுப்பி ஒன்பது வயசுல இதுலதான் போச்சு. ரெண்டு நாள் தண்ணியாக் குடிச்சுக்கிட்டே இருந்தது, மூணாம் நாள் எழுந்திருக்கலை. எங்க கிராமத்தில் அப்போது நாய்க்கு ஆபரேஷன் என்பதே யாரும் கேள்விப்படாத சங்கதி.

அதனால் இப்போ இருக்கிற செவலைக்கு "செய்யலாமா" என்ற கேள்வியே எங்க வீட்டில் இல்லை, "எப்போ" என்பதுதான். நாட்டு நாய், எட்டு மாசம், பதினாலு கிலோ. டேவிஸ்காரர்களின் கலப்பின ஆய்வில் மூட்டுக் கோளாறு ஏறுவது 20 கிலோவைத் தாண்டுகிறவற்றில்தான். தள்ளிப்போட எனக்குக் காரணம் தெரியவில்லை. அடுத்த வாரம் தேதி வாங்கியாச்சு. அதுக்குள்ள ஹீட் வந்துவிட்டால் ரெண்டு மூணு மாசம் பொறுக்கணும், அந்த நேரத்தில் ரத்த ஓட்டம் அதிகம் என்கிறார் டாக்டர். வீட்ல தினமும் அதன் வாலைத் தூக்கிப் பார்த்துக்கிட்டிருக்காங்க.

இத்தனை ஆராய்ச்சியும் வீட்டு நாய்க்குத்தான். தெரு நாய்க்கு வயசை யார் எழுதி வச்சிருக்கா? சென்னையில் ப்ளூ கிராஸ் 1964லேயே தெரு நாய்களுக்குக் கருத்தடை செய்ய ஆரம்பித்தது. மாநகராட்சி கொல்வதை விட்டு இந்த வழிக்கு வர 1996 ஆனது. அங்கே கணக்கு ஒண்ணே ஒண்ணுதான்: சினை 63 நாள், வருஷத்துக்கு ரெண்டு தடவை. கையில் சிக்கின அன்னிக்கு வளர்ந்த நாயாக இருந்தால் செய்து, காது நுனியில் அடையாளமாக ஒரு வெட்டு வெட்டி, பிடிச்ச தெருவிலேயே விட்டுவிடுவார்கள்.