உருக்கு கற்பித்த பாடம்

உடைந்த லாரி வில்பட்டையையோ, தேய்ந்துபோன அரத்தையோ தேடியெடுத்து, ஓய்வு நேரத்தில் தம் கையாலேயே ஒரு கத்தி செய்துகொள்வது இன்று பல நாடுகளில் விருப்பத்திற்குரிய பொழுதுபோக்காக வளர்ந்துள்ளது. கடையில் எளிதாகக் கிடைக்கும் பொருளுக்காக இத்துணைப் பாடுபடுவானேன் என்று நம்மிற் பலர் எண்ணக்கூடும். ஆனால் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போமாயின், இஃது ஒரு பெருங்கலையின் எஞ்சிய இழை என்பதை உணர்வோம். அக்கலை தழைத்த இடங்களுள் நம் மண்ணும் ஒன்று. அதன் புகழைப் பாரெங்கும் பரப்பியவர்கள் அரபு மக்கள்.

முதலில் அவ்வேலையின் முறையைக் காண்போம். பழைய அரத்தை நெருப்பிலிட்டுச் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலுக்குள் புதைத்து மெல்ல ஆறவிட்டால், அது மென்மையடையும். அப்போது அதை அராவி விரும்பிய வடிவத்திற்குக் கொண்டு வரலாம். பிறகு மீண்டும் காய்ச்சுவர். காந்தத்தை அருகே கொண்டு சென்றால் ஒட்டாத நிலை வரும்போது வெப்பம் ஏறத்தாழ 770 பாகை செல்சியஸை எட்டியிருக்கும். அதற்குச் சற்று மேலே சென்றதும் எண்ணெயில் அமிழ்த்துவர். நம் கொல்லர்கள் துவைச்சல் என்பது இதனையே. இப்போது உருக்கு மிகக் கடினமாகிவிடும். ஆனால் கீழே விழுந்தால் கண்ணாடிபோல் உடையும். ஆகவே 200 பாகை அளவில் மறுபடியும் இளஞ்சூடேற்றி, மெருகிட்ட பரப்பு வைக்கோல் நிறம் கொள்ளும்போது நிறுத்துவர். கடினமும் உறுதியும் அப்போதுதான் ஒன்று சேரும்.

இவையனைத்திற்கும் காரணம் இரும்பில் கலந்துள்ள கரி. கரி மிகக் குறைந்த இரும்பு வளையும். மிகுந்த வார்ப்பிரும்பு நொறுங்கும். இரண்டிற்கும் இடைப்பட்டதே உருக்கு. லாரி வில்பட்டையில் நூற்றுக்கு 0.6 பங்கு அளவிலும், அரத்தில் 1 பங்கை ஒட்டியும் கரி இருக்கும். பழங்காலத்து இந்திய உருக்கிலோ அது 1.5 பங்கு வரை இருந்தது. வேதியியல் என்னும் துறையே தோன்றாத நாளில் அந்த அளவை நம் நாட்டுக் கொல்லர்கள் எவ்வாறு எட்டினர்?

தேனிரும்புத் துண்டுகளை மூசை எனப்படும் சிறு மண்கலத்தில் இட்டு, அவற்றோடு ஆவாரங்குச்சியையும் எருக்கிலையையும் சேர்த்து, வாயைக் களிமண்ணால் மூடி, பல மணி நேரம் உலையில் வைத்துத் துருத்தி ஊதினர். தழையிலிருந்த கரியை இரும்பு உறிஞ்சிக்கொண்டு உருகிற்று. உலையை மெல்ல ஆறவிட்டு மூசையை உடைத்தால் உள்ளே உருக்குக் கட்டி கிடைக்கும். ஈரோட்டை அடுத்துள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வும், தென்னார்க்காட்டு மேல்சிறுவளூரில் கண்டெடுக்கப்பட்ட மூசை ஓடுகளும் இத்தொழிலுக்குச் சான்றாக நிற்கின்றன. கடல் கடந்த இலங்கையில் சமனலவெவப் பகுதியில், பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இயங்கிய மலைச்சரிவு உலைகளைப் பற்றிய ஆய்வு 1996ஆம் ஆண்டு வெளிவந்தது. அவ்வுலைகள் கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை எரிந்தவை.

இந்த உருக்கின் பெருமையை அரபு மொழி தன்னுள்ளேயே பொதிந்து வைத்துள்ளது. ஹிந்த் என்ற பெயரினின்று பிறந்த முஹன்னத் என்னும் சொல் இந்திய வாளைக் குறிக்கும். கஅப் இப்னு ஸுஹைர் (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமுன் பாடிய புகழ்பெற்ற கஸீதாவில், நபிகளாரைப் போற்றும் இடத்தில் வந்தமைந்த சொல்லும் இதுவே. நம் இல்லங்களில் பிள்ளைகளுக்கு இடப்படும் பெயர்களுள் ஒன்றில் இந்நாட்டு உலைக்களத்தின் நினைவு உறைந்திருப்பதை எத்தனை பேர் அறிவோம்?

கலீஃபா அல்-முஃதஸிம் (ஆட்சி 833-842) அவர்களுக்காகத் தத்துவ மேதை அல்-கிந்தி வாள்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். எந்த ஊர் உருக்கு, எங்கே அடிக்கப்பட்டது, அதன் மேல் நீரலைபோல் ஓடும் ஃபிரிந்த் என்னும் கோலம் எத்தகையது என்றெல்லாம் அவர் வகைப்படுத்தினார். இந்திய வாளும் ஸரன்தீப் உருக்கும் அதில் இடம்பெற்றன. 11ஆம் நூற்றாண்டில் அல்-பீரூனி, தம் கனிம நூலில், மூசையில் உருக்குச் செய்யும் முறையைக் குறித்து வைத்தார். மாபெரும் அறிஞர்கள் பட்டறையின் புகையையும் சம்மட்டியையும் இழிவாகக் கருதவில்லை என்பது இங்கே நாம் சிந்திக்கத்தக்கது.

இவ்வணிகம் நெடுங்காலம் நீடித்தது. தெலுங்கு நாட்டுக் கோனசமுத்திரத்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இஸ்பஹான் வணிகர் வந்து உலைகளின் அருகே தங்கி உருக்கு வாங்கினார். ஆனால் அதே நூற்றாண்டில் இங்கிலாந்தின் மலிவான உருக்கு சந்தையை நிரப்பிற்று. உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. நம் பரங்கிப்பேட்டையில் 1830ஆம் ஆண்டில் இரும்பு ஆலை தொடங்கிய ஜோசையா ஹீத் இந்திய முறையைக் கண்டு எழுதினார். ஆனால் அவ்வாலையும் நிலைக்கவில்லை. கொல்லர் மகனாகப் பிறந்த மைக்கேல் ஃபாரடே 1819ஆம் ஆண்டில் இந்திய உருக்கை ஆராய்ந்து, அலுமினியக் கலப்பே அதன் சிறப்பிற்குக் காரணம் எனக் கருதினார். அம்முடிவு சரியன்று என்பது பின்னர்த் தெளிவாயிற்று. செய்தவர் மறைந்தபின் அவர் செய்த பொருளை மட்டும் வைத்து அறிவை மீட்பது எத்துணை அரிது!

ஆயினும் அது ஓரளவு மீண்டது. 1973ஆம் ஆண்டு அமெரிக்காவில் வில்லியம் மோரன் என்பவர், பல தகடுகளைச் சேர்த்தடித்துக் கோலமிட்ட கத்திகளைக் காட்சிக்கு வைத்தார். அது மூசை உருக்கன்று, வேறு முறை. எனினும் கையால் கத்தியடிக்கும் ஆர்வம் அங்கே பரவ அது துணை செய்தது. பின்னர் ஃபுளோரிடாவில் குதிரைக்கு லாடம் அடிக்கும் ஆல்ஃப்ரட் பென்ட்ரே, உலோகவியல் பேராசிரியர் ஜான் வெர்ஹோவனுடன் கூடி ஆண்டுக்கணக்கில் முயன்றார். பழைய வாளின் நீரலைக் கோலம் மீண்டும் பிறந்தது. அதன் இரகசியம் 1998ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் விளங்கிற்று: தாதில் இயற்கையாகக் கலந்திருந்த வனேடியம் போன்ற தனிமங்கள், பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலும், அக்கோலத்தைத் தோற்றுவிக்கின்றன. தாது மாறினால் கோலமும் போய்விடும். பண்டைக் கொல்லன் வனேடியத்தை அறியான். ஆனால் எம்மலைத் தாது வேண்டும் என்பதை அறிந்திருந்தான்.

லாடக்காரரின் கையும் பேராசிரியரின் ஏடும் சேர்ந்தபோதுதான் மறைந்தது துலங்கிற்று. அல்-கிந்தியின் காலத்திலும் பட்டறையும் ஏடும் ஒன்றையொன்று நோக்கின. இரண்டும் பிரிந்த இடத்திலேயே கலை மாண்டது. நம் உலைக்களத்தார் எழுதவில்லை. எழுத வல்ல நம்மவர் உலைக்களத்தின் பக்கம் செல்லவில்லை.

இன்றும் நம் நாட்டுக் கொல்லர்கள் லாரி வில்பட்டையிலிருந்து அரிவாள் அடிக்கின்றனர். எந்த நிறத்தில் எடுப்பது, எப்போது தோய்ப்பது என்பதை அவர்கள் கண்களே அறியும். அவ்வறிவு எந்த ஏட்டிலேறியிருக்கிறது? கல்வியைத் தேடுவது கடமை என்று கற்ற நாம், கல்வி பள்ளிக்கூடத்தில் மட்டுமே உறைவதாக எண்ணிவிட்டோம். நம் பிள்ளைகளுள் ஒருவன் பழைய அரத்தை எடுத்துக்கொண்டு கொல்லரிடம் சென்று நின்றால் அவனைத் தடுக்க வேண்டாம். பெரியவர் ஒருவர் உடனிருக்க அவன் கற்கட்டும்; கற்றதை எழுதியும் வைக்கட்டும். முஹன்னத் என்ற சொல்லை வழங்கிய நாடு, அச்சொல்லின் பொருளை மறந்துவிடலாகாது.