தோற்கும் சீசனில் யாரிடம் கேட்பது? பெங்களூரு ரசிகர்களும் அணி உரிமையாளர்களும், 2008–2025

பொம்மசந்திராவின் சூர்யா நகரில் 80,000 பேர் அமரக்கூடிய கிரிக்கெட் அரங்கம் ஒன்றைக் கட்டும் திட்டத்துக்குக் கர்நாடக முதல்வர் சித்தராமையா 2025 ஆகஸ்டில் ஒப்புதல் அளித்தார். மதிப்பீடு 1,650 கோடி ரூபாய். செலவைக் கர்நாடக வீட்டுவசதி வாரியம் ஏற்கிறது. அதே மாதம் ஆர்.வி. சாலையிலிருந்து பொம்மசந்திரா வரையிலான மெட்ரோ மஞ்சள் தடமும் ஓடத் தொடங்கியது. ஓசூர் சாலையில் எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி, அத்திப்பள்ளி எல்லைக்கு முன்னால் இருக்கும் தொழிற்பேட்டை இது. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த தமிழர்கள் ஏராளமாக வாழும் இடமும் கூட. சென்னைக்கும் பெங்களூருக்கும் ஆட்டம் என்றால் இங்கே ஒரே வாடகை வீட்டுக்குள் இரண்டு கட்சி இருக்கும்.

இப்படியொரு அரங்கம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு உடனடிக் காரணம் ஒரு துயரம். அதைப் பின்னால் பார்ப்போம். இக்கட்டுரை தேடுவது அதற்கும் முந்தைய ஒரு கேள்விக்கான விடை: ஓர் அணி தோற்றுக்கொண்டே இருக்கும்போது அதன் ரசிகர்களின் கோபம் யாரைச் சென்று சேர்ந்திருக்கிறது? பெங்களூரின் பதினெட்டு ஆண்டு ஐபிஎல் வரலாற்றை வைத்துப் பார்த்தால், அது உரிமையாளரைச் சேரவே இல்லை என்பது என் முடிவு. ரசிகர்களுக்குக் கோபம் இல்லாததால் அல்ல; அது போய்ச் சேருவதற்கான வழி அமைப்பிலேயே இல்லாததால்.

பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதிய நூலில், ஒரு நிறுவனம் சீரழியும்போது அதைச் சார்ந்தவர்களுக்கு இருக்கும் வழிகளைப் பிரித்துக் காட்டினார். விலகிப் போகலாம், குரல் எழுப்பலாம். இவ்விரண்டில் எது எப்போது நிகழும் என்பதைப் பற்று தீர்மானிக்கிறது. கடைக்காரரிடம் சரக்கு சரியில்லை என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுவோம். அணி அப்படியல்ல. பெங்களூரில் பிறந்து வளர்ந்தவர் தன் அணி தோற்கிறது என்பதற்காக மும்பைக்குக் கட்சி மாறிவிட மாட்டார். விலகல் அடைபட்டிருப்பதால் குரல்தான் மிச்சம். அந்தக் குரலைக் கேட்க ஆள் உண்டா என்பதில்தான் ஒவ்வொரு ஊரின் கதையும் பிரிகிறது.

உரிமையாளர் இல்லாத காலம்

ஐபிஎல்லுக்கு முன்பு கர்நாடக ரசிகருக்கு அணி என்றால் ரஞ்சி அணிதான். 1973-74இல் எரப்பள்ளி பிரசன்னா தலைமையில் கர்நாடகம் முதல் முறையாக ரஞ்சிக் கோப்பையை வென்று, பம்பாயின் 15 ஆண்டுத் தொடர் ஆட்சியை முடித்துவைத்தது. அந்த அணிக்கு முதலாளி கிடையாது. மாநிலக் கிரிக்கெட் சங்கம் நடத்தியது. தோற்றால் வசவு தேர்வுக்குழுவுக்கும் சங்க நிர்வாகிகளுக்கும். சங்கமும் எல்லோருக்கும் திறந்த இடமல்ல. வாக்குரிமை உறுப்பினர்களுக்கு மட்டுமே உண்டு. ஆனாலும் தேர்தல் என்ற ஒரு கதவு அங்கே இருந்தது. 2010இல் அனில் கும்ப்ளே அந்தக் கதவு வழியாகத்தான் தலைவர் ஆனார். 2025 டிசம்பரில் வெங்கடேஷ் பிரசாத்தும் அப்படியே. ஆட்டம் தெரிந்தவர்கள் நிர்வாகத்தை எதிர்த்து நின்று அதைக் கைப்பற்ற முடிந்தது.

2008: முதல் தோல்வி, முதல் பலி

2008 ஜனவரி 24 அன்று நடந்த ஏலத்தில் விஜய் மல்லையாவின் நிறுவனம் 111.6 மில்லியன் டாலருக்குப் பெங்களூரு அணியை வாங்கியது. மும்பைக்கு அடுத்து அதிக விலை போன அணி அது. ஆர்சிபி என்று சுருக்கி அழைக்கப்படும் அதன் பெயர் ஒரு விஸ்கியின் பெயரிலிருந்து வந்தது. ஏப்ரல் 18 அன்று சின்னசாமி அரங்கில் ஐபிஎல்லின் முதல் ஆட்டம். கொல்கத்தாவின் பிரெண்டன் மெக்கல்லம் 158 ஓட்டங்கள் குவித்து ஆட்டமிழக்காமல் நின்றார். பெங்களூரு 82க்குச் சுருண்டு 140 ஓட்டங்களில் தோற்றது. ராகுல் திராவிட், ஜாக் காலிஸ், வாசிம் ஜாஃபர், சந்தர்பால் என்று அடுக்கிய அணியை டெஸ்ட் அணி என்று ஊரே சொன்னது. 14 ஆட்டங்களில் 4 வெற்றி. எட்டில் ஏழாம் இடம்.

அடுத்து நடந்ததை நான் இந்த வரலாற்றின் தொடக்கப் புள்ளியாகக் கொள்கிறேன். சீசன் முடியும் முன்பே தலைமை நிர்வாகி சாரு சர்மா நீக்கப்பட்டு, அவர் இடத்துக்குப் பிரிஜேஷ் படேல் வந்தார். வீரர்களைத் தேர்ந்ததில் திராவிடையும் சர்மாவையும் நம்பியது தவறாகிவிட்டது என்ற பொருளில் மல்லையா வெளிப்படையாகப் பேசினார். அடுத்த ஆண்டு கேப்டன் பொறுப்பு கெவின் பீட்டர்சனுக்குப் போனது. வெங்கடேஷ் பிரசாத்தின் பயிற்சியாளர் பொறுப்பு ரே ஜென்னிங்ஸுக்குப் போனது. ரசிகர்கள் விரல் நீட்டும் முன்பே உரிமையாளர் முந்திக்கொண்டு விரல் நீட்டிவிட்டார். தோல்விக்குப் பொறுப்பு கூடாரத்துக்குள் இருப்பவர்களுடையது என்ற கணக்கு அன்றே எழுதப்பட்டுவிட்டது. இந்த ஊரின் மிக மதிப்புக்குரிய ஆட்டக்காரர் பொதுவெளியில் பழி சுமக்க நேர்ந்தது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

அதன்பின் இந்தக் கணக்கு மாறவில்லை. 2017இல் அணி கடைசி இடம். அந்த ஆண்டு ஏப்ரல் 23 அன்று ஈடன் கார்டன்ஸில் 49க்கு ஆட்டமிழந்தது. 2018ம் சரியில்லாமல் போகவே பயிற்சியாளர் டேனியல் வெட்டோரி விடைபெற்றார். 2019இல் முதல் ஆறு ஆட்டங்களும் தோல்வி, மறுபடி கடைசி இடம். கேரி கிர்ஸ்டன் போனார். விராட் கோலி கேப்டனாக இருந்த 2013 முதல் 2021 வரையிலான ஆண்டுகளில் ஒவ்வொரு தோல்விக்கும் விவாதம் அவருடைய களத்தடுப்பு அமைப்பையும் கடைசி ஓவர்களை யாருக்குக் கொடுத்தார் என்பதையும் சுற்றியே நடந்தது. ஏலத்தில் பணத்தை எப்படிச் செலவிடுவது, யாரை விடுவிப்பது என்பதெல்லாம் நிறுவனத்தின் முடிவுகள். அந்த முடிவுகளுக்கு முகம் இல்லாததால் பழி முகம் உள்ளவர்களைத் தேடிப் போனது.

உரிமை எப்போது கைமாறுகிறது

உரிமையாளர் மாறவே இல்லையா என்றால், மாறினார். எப்போது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். மல்லையாவின் கிங்ஃபிஷர் விமான நிறுவனம் 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியது. வங்கிக் கடன்கள் கழுத்தை நெரித்தன. அணியைக் கையில் வைத்திருந்த யுனைடெட் ஸ்பிரிட்ஸ் நிறுவனம் படிப்படியாகப் பிரிட்டனின் டியாஜியோ கைக்குப் போனது. 2016 பிப்ரவரியில் மல்லையா அதன் தலைவர் பதவியிலிருந்து விலகினார். அடுத்த மாதம் நாட்டைவிட்டே போனார். அதே ஆண்டு மே மாதம் ஆர்சிபி சின்னசாமியில் இறுதிப்போட்டி ஆடி, ஹைதராபாத்திடம் 8 ஓட்டங்களில் தோற்றது.

இரண்டாவது முறை உரிமை பற்றிய பேச்சு எழுந்தது 2025 நவம்பரில். அணியில் தன் முதலீட்டை மறுபரிசீலனை செய்வதாக யுனைடெட் ஸ்பிரிட்ஸ் பங்குச் சந்தைக்குத் தெரிவித்தது. ஆர்சிபி தன் முதல் கோப்பையை வென்று ஐந்து மாதங்களே ஆகியிருந்தன.

ஆக, கடைசி இடத்தில் கிடந்த 2017லும் 2019லும் உரிமையில் சலனமே இல்லை; அணி உச்சத்தில் நின்ற 2016லும் 2025லும் உரிமை அசைந்தது. களத்தில் கிடைக்கும் முடிவுக்கும் உரிமைக்கும் இடையே ரசிகர் கற்பனை செய்யும் தொடர்பு நடப்பில் இல்லை. கடனும் பெருநிறுவனத்தின் வணிகத் திட்டமும்தான் அங்கே பேசுகின்றன.

இதன் அடியில் இருப்பது வருமானக் கணக்கு. 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்றது. அதில் அணிகளுக்கென்று ஒதுங்கும் பங்கு பொதுத் தொகுப்பிலிருந்து வருகிறது. கடைசியாக வந்த அணிக்கும் பெரும்பணம் உண்டு. கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்படும் அபாயமும் ஐபிஎல்லில் இல்லை. சின்னசாமி அரங்கில் ஏறத்தாழ 35,000 இருக்கைகளே உள்ளன. ஊரின் மக்கள்தொகை ஒரு கோடிக்கும் மேல். கோபத்தில் பத்தாயிரம் பேர் வராமல் போனாலும் அந்த டிக்கெட்டுகளுக்கு வரிசையில் வேறு பத்தாயிரம் பேர் நிற்பார்கள். ஹிர்ஷ்மன் சொன்ன விலகல் இங்கே பற்றினால் மட்டும் அடைபடவில்லை, இருக்கைப் பற்றாக்குறையாலும் அடைபட்டது.

விலகலும் இல்லை, குரலுக்கும் இடமில்லை. மீந்த பற்று ஒரு சூளுரையாக வடிவெடுத்தது. "ஈ சல கப் நம்தே", இந்த முறை கோப்பை நமதே, என்று ஆண்டுதோறும் சொன்னார்கள். மற்ற ஊர்க்காரர்கள் இதைக் கேலிப்பொருளாக்கினார்கள். எனக்கு அதில் கேலிக்கு எதுவும் தெரியவில்லை. கேட்க ஆளில்லாத இடத்தில் கோபத்தைக் கைவிடாமல் காப்பதற்கு அவர்கள் கண்ட வழி அது. நகரத்தின் பெயர் 2014 நவம்பரில் பெங்களூரு என்று மாறியும் அணி 2024 மார்ச் வரை பழைய ஆங்கிலப் பெயரிலேயே ஆடியது. ஒரு பெயரை மாற்றும் சின்னஞ்சிறு கோரிக்கைக்கே ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

குரல் சென்று சேர்ந்த ஊர்கள்

கொல்கத்தாவை ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். ஐபிஎல்லில் 2009இல் கடைசியாக வந்த அணி கொல்கத்தா. 2011 ஏலத்தில் சௌரவ் கங்குலியை அணி எடுக்காதபோது ரசிகர்கள் தெருவில் இறங்கினார்கள். தாதா இல்லாமல் அணி வேண்டாம் என்று முழங்கினார்கள். நிர்வாகம் அசையவில்லை. 2012இல் கோப்பை வந்ததும் சத்தம் ஓய்ந்தது. அதாவது ஐபிஎல்லுக்குள் கொல்கத்தாவும் பெங்களூரும் ஒன்றுதான்.

ஆனால் அதே நகரத்தின் கால்பந்து வேறு. 1920இல் தொடங்கிய ஈஸ்ட் பெங்கால் உறுப்பினர்களின் கிளப். 2020-21 ஐஎஸ்எல் சீசனில் 11 அணிகளில் ஒன்பதாவதாக வந்தபின், முதலீட்டாளரான ஸ்ரீ சிமென்ட்டுடன் இறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டுமா கூடாதா என்று கிளப்பே இரண்டுபட்டது. 2021 ஜூலை 21 அன்று மைதானத்தில் இரு தரப்பு ஆதரவாளர்களும் மோதிக்கொள்ள, போலீஸ் தடியடி நடத்தியது. அடுத்த ஆண்டு முதலீட்டாளரே மாறி, எமாமி வந்தது. மோகன் பாகனின் பெயருக்கு முன்னால் ஒட்டிய ஏடிகே என்ற மூன்றெழுத்தை நீக்கச் சொல்லி அதன் ரசிகர்கள் மூன்று ஆண்டுகள் ஓயாமல் போராடினார்கள். 2023 மார்ச்சில் கோப்பை வென்ற இரவில் உரிமையாளர் சஞ்சீவ் கோயங்கா அதை நீக்குவதாக அறிவித்தார். அடிதடியும் பிளவும் பெருமைப்படத்தக்கவை அல்ல. ஆனால் அங்கே சண்டை உரிமையைப் பற்றி நடந்தது. கேப்டனைப் பற்றி அல்ல.

கொச்சியில் உறுப்பினர் கிளப் கிடையாது. இருந்தும் கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து அணியின் ரசிகர் குழுவான மஞ்ஞப்படை 2024 டிசம்பரில் வேறு உத்தி எடுத்தது. 12 ஆட்டங்களில் 3 வெற்றி என்ற நிலையில் நிர்வாகம் பயிற்சியாளர் மிகேல் ஸ்டாரேயை அனுப்பியது. பழக்கமான பலிதான். மஞ்ஞப்படை ஏற்கவில்லை. குறை நிர்வாகத்திடம் என்று சொல்லி அந்த மாதம் டிக்கெட் விற்பனையில் பங்கேற்கவும் மறுத்தது. பெங்களூரின் சொந்தக் கால்பந்து அணிக்கும் வெஸ்ட் பிளாக் ப்ளூஸ் என்ற உறுதியான ரசிகர் குழு உண்டு. அணி 12இல் பத்தாவதாக முடித்த 2023-24 சீசனிலும் அங்கே பலியானவர் பயிற்சியாளர் சைமன் கிரேசன்தான்.

அமெரிக்கப் பேஸ்பாலில் ஓக்லாந்து ரசிகர்கள் இதையே தலைகீழாகச் செய்தார்கள். 2023இல் அவர்களின் அணி 162 ஆட்டங்களில் 112இல் தோற்றது. உரிமையாளர் ஜான் ஃபிஷர் கூட்டம் வராததைக் காட்டி அணியை லாஸ் வேகஸுக்குப் பெயர்க்க முயன்றார். ஜூன் 13 அன்று, வழக்கமாகக் காலியாகக் கிடக்கும் அரங்கில் 27,759 பேர் திரண்டு, அணியை விற்றுவிடு என்று பொறித்த சட்டையுடன் நின்றார்கள். வராமல் போவது அல்ல, வந்து நிற்பதே எதிர்ப்பு. ஆனாலும் அந்த நவம்பரில் மற்ற உரிமையாளர்கள் ஒருமனதாக இடமாற்றத்துக்கு வாக்களித்தார்கள். குரல் கேட்டது, கேட்டவர்களுக்கு அதை மதிக்கும் கட்டாயம் இல்லை. ஜெர்மனியில் 1998 முதல் உள்ள விதிப்படி, பெரும்பாலான கிளப்புகளில் பாதிக்கு மேற்பட்ட வாக்குரிமை உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும். கட்டாயம் என்பது அங்கே எழுத்தில் இருக்கிறது.

2025 ஜூன் 4

ஜூன் 3 அன்று அகமதாபாத்தில் பஞ்சாபை 6 ஓட்டங்களில் வென்று ஆர்சிபி கோப்பையைத் தூக்கியது. மறுநாள் சின்னசாமி வாயில்களில் நெரிசலில் சிக்கி 11 பேர் இறந்தார்கள். உரிய அனுமதியின்றி அணி கூட்டத்தை அழைத்தது என்று மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் முதல்நோக்கில் குறிப்பிட்டது. நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா ஆணையம், பெருங்கூட்ட நிகழ்வுகளுக்குச் சின்னசாமி ஏற்றதல்ல என்றது. பொம்மசந்திரா அரங்கத் திட்டம் இந்தத் துயரத்துக்குப் பின் உருவான சூழலில் வந்தது.

பதினேழு சீசன்களின் தோல்வியிலும் கூட நின்றவர்கள் அந்த வாயிலுக்கு வந்தவர்கள். ரசிகர்களை எங்கே நிறுத்துவது, எத்தனை பேர் வருவார்கள் என்று அவர்களின் அமைப்பு எதனுடனும் கலந்து பேசும் வழக்கம் ஒரு தோல்விச் சீசனிலாவது உண்டாகியிருந்தால், வெற்றி நாளிலும் அது இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

பொம்மசந்திரா அரங்கம் எழுந்தால் இந்த வரலாற்றில் இரண்டு அம்சங்கள் மாறும். அது அரசு வாரியத்தின் பணத்தில் எழும். அங்கே ஆடும் அணி எதுவானாலும் வாடகைதாரராகவே வரும். டிக்கெட் விலை, வாயில் ஏற்பாடு, ரசிகர் பிரதிநிதித்துவம் ஆகியவற்றை ஒப்பந்தத்தில் நிபந்தனையாக எழுதும் உரிமை பொதுத்துறைக்கு உண்டு. எழுதவும் வேண்டும், அதற்கான நேரம் அடிக்கல் நாட்டுவதற்கு முன்புதான். மற்றொன்று எண்ணிக்கை. 35,000 இருக்கைகளை நிரப்ப எப்போதும் ஆள் இருந்தார்கள். 80,000 இருக்கைகளை, அதுவும் நகர மையத்திலிருந்து முக்கால் மணி நேரத்துக்கு மேல் பயணிக்க வேண்டிய இடத்தில், தோற்றுக்கொண்டிருக்கும் அணியை வைத்து நிரப்புவது எளிதல்ல. பெங்களூரு ரசிகருக்கு இதுவரை இல்லாதிருந்த விலகல் என்ற வழி ஓசூர் சாலையில் முதல் முறையாகத் திறக்கக்கூடும்.