பின்னிருக்கையின் வரலாறு

திருச்சியையும் திருவரங்கத்தையும் இணைக்கும் காவிரிப் பாலம் 1976இல் எழுந்தது. நாளடைவில் அதன் இணைப்பு இடைவெளிகள் ஒவ்வொன்றும், பின்னால் அமர்ந்த அம்மாவின் முதுகுக்குக் கணக்காயின. 2022-23இல் அவற்றைச் செப்பனிட்டார்கள். ஆனால் பாலத்தை மட்டும் பழிப்பது நியாயமா?

மோட்டார் சைக்கிளின் பின்சக்கரம் நெடுங்காலம் சட்டகத்தோடு இறுகியே கிடந்தது. 1948இல் இங்கிலாந்தில் வெளிப்பட்ட ராயல் என்ஃபீல்டு புல்லட், சக்கரம் மேலும் கீழும் அசைய இடம்தரும் கவையும் ஷாக் அப்சார்பரும் கொண்டு வந்தது. 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியதும் அது நம் சாலைகளுக்கும் உரியதாயிற்று.

பின்னிருப்பவரின் எடை பெரும்பாலும் பின்சக்கரத்தின் மேலேயே விழுகிறது. சுருள்வில் அப்போதே அமிழ்ந்துவிட்டால், பள்ளம் வரும்போது ஒடுங்க இடமேது? அதற்கென்றே பிற்காலத்து வண்டிகள் பலவற்றில் வில்லோடு ஒரு படிவளையம் வைத்தார்கள். இருவர் செல்கையில் கொக்கிச் சாவியால் ஓரிரு படி ஏற்ற வேண்டும். தனியே செல்கையில் இறக்க வேண்டும், இல்லையேல் வண்டி துள்ளும்.

1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி, பின்னிருப்பவர்க்குக் கைப்பிடி, கால்தாங்கி, ஆடை சிக்காத சக்கரக் காப்பு ஆகியவற்றைக் கேட்கிறது. வில்லைப் பற்றி அதில் பேச்சில்லை. அது ஓட்டுபவரின் பொறுப்பு என்று விட்டார்கள் போலும்.

நாங்கள் அந்த வளையத்தைத் திருகவே பத்தாண்டுகள் பிடித்தன. அன்று அம்மா மாம்பழச்சாலை வரை பேசிக்கொண்டே வந்தார்.