படைவீரர் படுக்கையில் குடும்பங்கள்: டச்சுக் குடியேற்றக் கப்பல்களை வாசிக்க ஒரு முயற்சி

இரண்டாம் உலகப் போர் முடிந்த பின் இருபதாண்டுகளில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் நெதர்லாந்தை விட்டுக் கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து முதலிய நாடுகளுக்குக் குடிபோனார்கள். 1952இல் மட்டும் ஏறக்குறைய 48,000 பேர். இந்தப் பெயர்வைப் பற்றிப் பேசும்போது வீட்டுப் பஞ்சம், நிலமின்மை, அடுத்த போர் பற்றிய அச்சம் என்று புறப்பட்ட கரையின் காரணங்கள் விரிவாக வரும். இறங்கிய கரையின் முகாம், பண்ணை, தேவாலயம் ஆகியவையும் வரும். நடுவில் கடலில் கழிந்த நாட்கள் மட்டும் கடல்மயக்கம், பூமத்திய ரேகைக் கொண்டாட்டம் என்ற இரண்டு கதைகளோடு முடிந்துபோகும். கப்பல் இரண்டு நாடுகளுக்கும் சொந்தமில்லாத இடைவெளி என்ற எண்ணம் இதன் அடியில் இருக்கிறது. என் வாதம் இதற்கு எதிரானது. அந்தக் கப்பல் டச்சு அரசு தன் குடிமக்களைக் கடைசியாக நிர்வகித்த இடம். அந்த நிர்வாகத்தின் எலும்புக்கூட்டைப் போட்டுத் தந்தது போர்.

கப்பல்களிலிருந்தே தொடங்குவோம். 'குரோட்டே பேர்', 'வாட்டர்மான்', 'ஸைடர்க்ரைஸ்' ஆகிய மூன்றும் 1944-45இல் அமெரிக்காவின் மேற்குக் கரைத் தளங்களில் அவசர அவசரமாகக் கட்டப்பட்ட விக்டரி வகைக் கப்பல்கள். நீளம் சுமார் 139 மீட்டர், அகலம் 19 மீட்டர். சரக்கு ஏற்றுவதற்கென்று வரைந்த உடலைத் துருப்பு ஏற்றும்படி திருத்தியிருந்தார்கள். 1947இல் டச்சு அரசு இவற்றை வாங்கி விண்மீன் கூட்டங்களின் பெயர்களைச் சூட்டியது. கப்பல் கம்பெனிகள் ஓட்டினாலும் சொந்தக்காரர் அரசுதான். வாங்கியது குடியேறிகளுக்காக அல்ல, இந்தோனேசியக் குடியரசை அடக்கப் படை அனுப்புவதற்காக. 1946 முதல் 1949 வரை நெதர்லாந்திலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் அங்கே போனார்கள்.

ஆனால் 'வாட்டர்மான்' 1947 ஜூனில் மொன்றியாலுக்குப் போய் உழவர் குடும்பங்களை இறக்கிவிட்டது. அதாவது படைப் போக்குவரத்து முடிந்த பிறகு குடியேற்றப் போக்குவரத்து தொடங்கவில்லை. இரண்டும் ஒரே ஆண்டுகளில், ஒரே அடுக்குப் படுக்கைகளில் நடந்தன. 1949 டிசம்பர் 27இல் இந்தோனேசியாவின் இறைமை கைமாறிய பின் மூன்றாவது ஓட்டமும் சேர்ந்தது: இந்தோனேசியாவிலிருந்து 'தாய்நாடு' திரும்பியவர்கள். அவர்களில் பலர் நெதர்லாந்தை அதற்குமுன் கண்ணாலும் பார்த்திராத கலப்பினக் குடும்பத்தினர். 1951 மார்ச்சில் டச்சுக் காலனிப் படையின் மலுக்குத் தீவு வீரர்களையும் அவர்கள் குடும்பங்களையும் முதலில் ராட்டர்டாமுக்குக் கொண்டுவந்த 'கோத்தா இந்தன்' கப்பலும் இதே வரிசையில் குடியேறிகளைச் சுமந்ததுதான்.

நாட்டில் ஆள் மிகுந்துவிட்டது, மக்களில் ஒரு பகுதியினர் துணிந்து அகன்ற நாடுகளுக்குப் போக வேண்டும் என்ற பொருளில் பிரதமர் வில்லெம் ட்ரேஸ் பேசியது 1950 புத்தாண்டில். மக்கள்தொகை ஒரு கோடியைத் தாண்டி அப்போது அதிக காலம் ஆகவில்லை. ஆனால் அதே இருபதாண்டுகளில் இந்தோனேசியாவிலிருந்து சுமார் மூன்று லட்சம் பேர் உள்ளே வந்தார்கள். ஒருபுறம் பிரிஸ்லாந்து உழவர் மகன் வெளியே போகிறான், மறுபுறம் பாண்டுங்கில் பிறந்த எழுத்தர் உள்ளே வருகிறார். இரண்டு பயணத்துக்கும் ஒரே அரசு, ஒரே கப்பல் தொகுதி. பின்னவர் மேலும் ஆஸ்திரேலியாவுக்குப் போக நினைத்தால் வெள்ளை ஆஸ்திரேலியாக் கொள்கை அவருடைய தோல் நிறத்தை அளந்து பார்க்கும். பேரரசின் கலைப்பையும் குடியேற்றத்தையும் தனித்தனி அத்தியாயங்களாக எழுதுவது வசதிதான். ஆனால் கப்பலில் அந்த அத்தியாயப் பிரிவு இல்லை.

இனிக் கப்பலுக்குள். படைவீரனுக்கு ஒரு படுக்கை போதும், குடும்பம் வேண்டாம். இந்தக் கணக்கில் அமைந்த கூடங்களில் பெற்றோரையும் பிள்ளைகளையும் எப்படிப் பொருத்துவது? முதலாண்டுகளில் கிடைத்த விடை எளியது: ஆண்கள் ஒருபுறம், பெண்களும் சிறு பிள்ளைகளும் மறுபுறம். சற்று வளர்ந்த பையன்கள் அப்பாவோடு. ஒரு தாயின் இரவை நினைத்துப் பாருங்கள். கைக்குழந்தை பக்கத்தில், மேல்தட்டில் இன்னொரு பிள்ளை, எதிர்ப் படுக்கையில் முன்பின் தெரியாத ஒருத்தி வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறாள். புருஷன் கப்பலின் மறுமுனையில். குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் அவனைக் கூப்பிடக்கூட விடிய வேண்டும். காலையில் தளத்தில் சந்தித்தால்தான் குடும்பம் குடும்பமாகும். செங்கடலில் வெக்கை ஏறியதும் கூடங்களில் படுக்க முடியாமல் பலர் மெத்தையைத் தூக்கிக்கொண்டு மேல்தளத்துக்கு வந்தார்கள்.

இதில் ஒரு முரண் உண்டு. அக்காலத்து டச்சுக் குடியேற்றக் கொள்கையின் அடிக்கல்லே குடும்பம்தான். ஒழுங்கான, உழைப்பாளியான, பக்தியுள்ள குடும்பமா என்று விசாரித்தே அனுப்பினார்கள். கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட், பிறர் என்று சமயவாரிக் குடியேற்ற அமைப்புகள் ஊருக்கு ஊர் இதைச் செய்தன. அப்படிச் சலித்தெடுத்த குடும்பத்தைக் கப்பலில் ஏற்றிய முதல் இரவிலேயே பிரித்துப் படுக்கவைத்தது அரசு. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. இருந்த கப்பலை இருந்தபடி நிரப்பினார்கள், அவ்வளவே. ஆனால் கொள்கை வகுப்பவர் சொல்லும் குடும்பமும் படுக்கை ஒதுக்குபவர் காணும் தலைக்கணக்கும் வெவ்வேறு என்பது இங்கே பட்டவர்த்தனமாகிறது.

1951-52இல் மூன்று கப்பல்களையும் குடியேறிகளுக்கென்று மாற்றிக் கட்டினார்கள். சுமார் 1,500 வீரர்கள் போன இடத்தில் 800 முதல் 900 பயணிகள் என்றானது. சிறு அறைகள், உணவுக்கூடம், பிள்ளைகள் விளையாட இடம் எல்லாம் வந்தன. இதைக் கொண்டு பழைய குறை தீர்ந்தது என்று சொல்லிவிட முடியாது. பெரிய கூடங்கள் முற்றிலும் போகவில்லை, கணவனும் மனைவியும் தனித்தனியே படுத்த பயணங்கள் பின்னும் இருந்தன. முறைவைத்துச் சாப்பாடு, ஒலிபெருக்கி அறிவிப்பு, மீட்புப் படகுப் பயிற்சி என்று நாள் முழுவதும் பாசறை ஒழுங்கில்தான் ஓடியது. அதற்குமேல் அரசு நியமித்த பயணத் தலைவர், சமயக் குருமார், ஆங்கில வகுப்பு, போகும் நாட்டைப் பற்றிய திரைப்படம். ஊரில் சமயவாரியாகப் பிரிந்திருந்த சமூகம் கப்பலிலும் தனித்தனி வழிபாட்டில் கூடியது.

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு, அதை ஒதுக்கிவிடக் கூடாது. பலருக்கு அந்தப் பயணம்தான் வாழ்க்கையிலேயே முதல் விடுமுறை. நெதர்லாந்தில் காப்பிப் பங்கீடு 1952 தொடக்கத்தில்தான் நீங்கியது. அப்படிப்பட்ட நாட்டிலிருந்து வந்தவருக்கு, தானாக மேசைக்கு வரும் மூன்று வேளைச் சாப்பாடு சாதாரணமல்ல. மறுக்கவில்லை. ஆனால் இப்படி நினைவுகூர்பவர் யார் என்று பார்க்க வேண்டும். இன்று நமக்குக் கிடைக்கும் நினைவுகளில் பெரும்பகுதி அன்று எட்டு முதல் பன்னிரண்டு வயதில் இருந்தவர்களுடையது. அந்த வயதுப் பிள்ளைக்குக் கப்பல் எல்லையில்லாத விளையாட்டிடம், பூமத்திய ரேகைக் கொண்டாட்டத்தில் நெப்டியூன் வேடம் போட்டவன் தலையில் நுரை பூசியது மறக்க முடியாத நாள். துணி துவைக்குமிடத்தில் வரிசையில் நின்ற தாய்க்கு எது நினைவில் நின்றது என்பது வேறு கேள்வி. சமைக்கும் வேலை போயிற்று, குழந்தைத் துணியை அலசும் வேலை போகவில்லை. விடுமுறை என்ற சொல்லை வயதும் பாலும் பாராமல் எல்லாருக்கும் பொதுவாக்குவது சான்றைத் தவறாகப் படிப்பது.

துருப்புக் கப்பலாகிப் பின் குடியேறிகளை ஏற்றிய பழைய பயணிக் கப்பல்களையும் ஒப்பிட வேண்டும். 'வோலண்டாம்' 1922இல் இறங்கியது, 1940இல் பிரிட்டிஷ் பிள்ளைகளை ஏற்றிச் சென்றபோது நீர்மூழ்கிக் குண்டுபட்டுத் தப்பியது. போருக்குப் பின் பழைய அலங்காரம் திரும்பாமலே ஓடி 1952இல் உடைக்கப்பட்டது. 'யோஹான் வான் ஓல்டன்பார்னவெல்ட்' மட்டும் ஆஸ்திரேலியப் பயணிகளிடம் செல்லப்பெயர் எடுக்கும் அளவுக்குப் பழைய மிடுக்கைத் தக்கவைத்தது. போர் எந்தக் கப்பலில் எவ்வளவு தங்கியது என்பது ஒவ்வொன்றிலும் வேறுபட்டது. விக்டரி கப்பல்களில் அது பூச்சாக ஒட்டியிருக்கவில்லை, உடலாகவே இருந்தது.

1950களின் பிற்பகுதியில் நெதர்லாந்தில் கூலி உயர்ந்தது, போக ஆள் குறைந்தது, போனவர்களும் விமானத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். காலி இருக்கையை நிரப்ப 'குரோட்டே பேர்' அமெரிக்க மாணவர்களை அட்லாண்டிக் கடக்கவைத்தது. 1963இல் அதையும் 'வாட்டர்மானை'யும் கிரேக்கக் கப்பல் முதலாளி ஜான் லாட்சிஸ் வாங்கினார். 'ஸைடர்க்ரைஸ்' விற்கப்படவில்லை. டென் ஹெல்டரில் கடற்படையினர் தங்கும் கப்பலாக அது கட்டிவைக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டு குடும்பங்களை ஏற்றிய கூடங்களுக்குள் படைவீரர்களைத் திரும்பக் குடிவைக்க அரசுக்குப் பெரிய தயக்கம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.