சார்னோகைட்: ஒரு கல்லறைப் பலகையும் பச்சைமலைக் கருங்கல்லும்

பெரம்பலூருக்கு மேற்கே பச்சைமலைப் பக்கத்துக் கல்குவாரிகளில் உடைபடுவது கருங்கல்; கிழக்கே அரியலூரில் சிமெண்ட் ஆலைக்கு லாரி ஏறுவது சுண்ணாம்புக்கல். கடலில் படிந்து உண்டான அந்தச் சுண்ணாம்புக்கு அடித்தளமாகக் கிடப்பது மேற்கின் பழம்பாறைதான். 1862இல் கடற்படிவுகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்த புவியியலாளர் பிளான்ஃபோர்ட், அடிப்பாறையை 'நைஸ்' (பட்டையோடிய உருமாறிய பாறை) என்ற சொல்லோடு கடந்துபோனார். அதில் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும் கருநீலக் கல் ஒன்றும் உண்டு. அதற்குத் தனிப்பெயர் கிடைக்க மேலும் 31 ஆண்டுகள் ஆயின.

பெயர் வந்த வழி, ஒரு கல்வெட்டு. கல்கத்தா செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகை இருக்கிறது. அதன் இலத்தீன் வாசகம் அவர் இறந்த நாளை 1692 ஜனவரி 10 என்கிறது. அன்றைய ஆங்கில நாட்காட்டியில் ஆண்டு மார்ச் 25இல் பிறந்ததால் நம் கணக்குக்கு அது 1693. கல் எந்த ஊரில் வெட்டப்பட்டது என்பது பற்றி வாசகத்தில் ஒரு சொல்லும் இல்லை. 1893இல் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் எழுத்தை விட்டுவிட்டுக் கல்லையே படித்தார். குவார்ட்ஸ், மைக்ரோகிளைன், ஹைபர்ஸ்தீன், இரும்புத் தாது ஆகியவை கலந்த அந்தக் கல்லை, சென்னை பரங்கிமலை, பல்லாவரம் பாறையோடு ஒப்பிட்டு, சார்னாக்கின் பெயரையே சூட்டினார். கனிமத்தை வைத்துக் கல்லின் ஊரைச் சொன்ன அந்த வாசிப்பு இன்றும் வியக்கவைக்கிறது.

1900இல் அவர் எடுத்த அடுத்த அடியைத்தான் ஏற்க முடியவில்லை. சிலிக்கா மிகுந்த வெளிர்கல் முதல் சிலிக்கா குன்றிய கரும்பாறை வரை எல்லாவற்றையும் 'சார்னோகைட் வரிசை' என்று கோத்து, ஒரே பாறைக்குழம்பு பிரிந்து இறுகியதால் வந்த தீப்பாறைகள் என்றார். குழம்பு குளிரும்போது முதலில் படியும் கனிமங்கள் விலகினால் எஞ்சும் குழம்பில் சிலிக்கா கூடும் என்பது உண்மையே. ஆனால் பாறைகள் அனைத்திலும் ஹைபர்ஸ்தீன் இருப்பது அவை ஒருதாய்ப் பிள்ளைகள் என்பதற்குச் சான்றாகாது. ஒரே அடுப்பில் வெந்தவை என்பதற்கு மட்டுமே அது சான்று.

1959இல் ஏ. பி. சுப்பிரமணியம் பல்லாவரத்தை மறுபடி ஆய்ந்து, சிலிக்கா குன்றிய கரும்பாறைகளை அந்த வரிசையிலிருந்து விலக்கினார். மறு ஆண்டே சி. எஸ். பிச்சமுத்து கர்நாடகத்தின் கப்பால்துர்கா பகுதியில் சாம்பல்நிற நைஸுக்குள்ளேயே கரும்திட்டுகளாகச் சார்னோகைட் உருவாகியிருப்பதைக் காட்டினார். நீர் குறைந்த, கார்பன் டை ஆக்சைடு மிகுந்த பாய்மம் ஊடுருவியதால் நீர்கொண்ட கனிமங்கள் சிதைந்து ஹைபர்ஸ்தீன் பிறந்தது என்பது பின்னர் வந்த விளக்கம். அங்கே திடப்பாறையே உருமாறியிருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் பன்னாட்டுப் புவியியல் ஒன்றியத்தின் தீப்பாறை அட்டவணையில் சார்னோகைட்டுக்கு ஹைபர்ஸ்தீன் கிரானைட் என்ற இடம் இருக்கிறது. அது கனிம விகிதத்துக்கு வைத்த பெயர். பிறப்புச் சான்றிதழாக அதை வாசிக்கும் பழக்கமே ஹாலண்டின் பிழையை வாழவைக்கிறது. பச்சைமலைக் கல்லைத் தீப்பாறை என்றோ உருமாறிய பாறை என்றோ அட்டவணையைப் பார்த்து முடிவுகட்டக் கூடாது. குவாரி முகப்பில் அது பக்கத்து நைஸை வெட்டிக்கொண்டு நுழைகிறதா, அதற்குள் மெல்லக் கரைந்து மறைகிறதா என்பதே முதல் சாட்சி. அந்தச் சாட்சியும் தனித்து நின்றால் வலுவற்றதுதான்: தீப்பாறையாகப் பிறந்த கல்லும் பிற்காலச் சூட்டில் மறுபடி வெந்து, பழைய விளிம்பை இழந்திருக்கலாம்.

சென்னைச் சார்னோகைட் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை உடையது. 20 கிலோமீட்டர் அளவு ஆழத்தின் அழுத்தத்தைக் கண்டது. பச்சைமலைப் பாறைக்கும் அந்தக் கணக்கு பொருந்துமானால், மேலிருந்த சுமை முழுவதும் அரிக்கப்பட்ட பிறகே ஊட்டத்தூர்க் கடல் அதன்மேல் ஏறியிருக்க வேண்டும். கடல் வந்தது சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன். இடைப்பட்ட நெடுங்காலத்தில் பாறை எப்போது மேலெழுந்தது என்பதற்கு கடற்படிவும் பழம்பாறையும் தொடும் எல்லை ஒரு கீழ்வரம்பை மட்டுமே தருகிறது: கடல் வருவதற்கு முன்பே அது வெளியே வந்துவிட்டது.