நச்சுக்காற்றும் மலைப்பச்சையும்: அகத்தியமலை அடிவாரத்தின் ஒரு வரலாறு

திருவனந்தபுரத்துக்குக் கிழக்கே நெடுமங்காடு, பாலோடு, விதுரா ஆகிய ஊர்களைக் கடந்ததும் தொடங்கும் மலைச்சரிவுகள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்குக் குடியேற வந்த ஐரோப்பியர்களுக்குப் பெரும் அச்சத்தைத் தந்தன. யானையும் புலியும் மட்டும் அதற்குக் காரணமல்ல. அக்காட்டின் காற்றே நஞ்சு என்று அக்கால மருத்துவம் அவர்களுக்குக் கற்பித்திருந்தது. மக்கும் இலைகளிலிருந்தும் தேங்கிய நீரிலிருந்தும் இரவில் எழும் ஆவி மூச்சோடு உடலில் புகுந்து காய்ச்சலை உண்டாக்குகிறது என்னும் இக்கருத்து ‘மியாஸ்மா’, அதாவது நச்சாவிக் கொள்கை, எனப்பட்டது. அந்தி சாய்ந்தபின் வெளியே செல்லாமையும், சன்னல்களை அடைத்துவிட்டு உறங்குவதும், தாழ்நிலத்தைத் தவிர்த்து மேட்டில் வீடு கட்டுவதும் இக்கொள்கையிலிருந்து பிறந்த வழக்கங்கள். காரணத்தைத் தவறாகக் கணித்திருந்தாலும், இவற்றுள் சில கொசுக்கடியைத் தடுத்ததால் ஓரளவு பயனும் தந்தன.

இம்மலைகளுக்கு வெளியாட்கள் பல நோக்கங்களோடு வந்தனர். திருவிதாங்கூர் அரசின் வானியல் நிலையத்துக்குத் தலைவராக 1852-இல் வந்த ஸ்காட்லாந்து அறிவியலாளர் ஜான் ஆலன் பிரவுன், உத்திரம் திருநாள் மகாராஜாவின் ஆதரவோடு, 1855-இல் ஏறத்தாழ 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியமலையின் உச்சியில் காந்தவியல், வானிலை அளவீடுகளுக்காக ஓர் ஆய்வு நிலையத்தை நிறுவினார். தோட்டக்காரர்களோ காப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாகக் காட்டைத் திருத்தினர். பொன்முடி, மெர்ச்சிஸ்டன், பிரைமோர், போனக்காடு ஆகிய தோட்டங்கள் அவ்வாறு உருவானவை. காடு வெட்டவும் தோட்டத்தில் உழைக்கவும் மலையேறியவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர்கள் என்பதையும், மலேரியா என இன்று அறியப்படும் மலைக்காய்ச்சலின் முழுச்சுமையும் மேட்டுப் பங்களாவில் இருந்தவர்களைவிட ஓடையோர லயங்களில் தங்கியவர்கள் மீதே விழுந்தது என்பதையும் தோட்டவரலாறுகள் போதிய அளவு சொல்வதில்லை.

அக்காய்ச்சலுக்கு உலகம் அறிந்திருந்த உறுதியான மருந்து, தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் இயற்கையாக வளரும் சின்கோனா மரத்தின் பட்டை ஆகும். அதிலிருந்து 1820-இல் பெல்லட்டியே, கவாந்தூ என்னும் இரு பிரெஞ்சு வேதியியலாளர்கள் பிரித்தெடுத்த பொருளே குயினைன். தமிழ்நாட்டார் பேச்சில் அது கொயினா. கிளெமென்ட்ஸ் மார்க்கம் 1860-இல் சின்கோனாச் செடிகளையும் விதைகளையும் ஆண்டிஸிலிருந்து கடத்திவர, நீலகிரியில் வில்லியம் மெக்ஐவர் அவற்றை வளர்த்தெடுத்தார். திருவிதாங்கூரின் மலைத்தோட்டங்களிலும், குறிப்பாகக் கண்ணன் தேவன் மலைகளில் தேயிலை நிலைபெறுவதற்கு முன்னரே, சின்கோனா நடப்பட்டது. எனினும் குயினைன் சத்து மிகுந்த வகையின் விதைகள் 1865-இல் டச்சுக்காரர்களின் கைக்குச் சென்றதால், காலப்போக்கில் ஜாவாவே உலகச் சந்தையைப் பிடித்தது. அவ்விதைகளை ஆங்கில வணிகர் சார்லஸ் லெட்ஜருக்காகத் தேடிச் சேகரித்தவர் மானுவேல் இன்க்ரா மாமானி என்னும் ஆண்டிஸ் பழங்குடியினர். எந்த மரத்தின் பட்டை வீரியம் மிக்கது என்பதைப் பார்த்த மாத்திரத்தில் அறிந்த அவர், பின்னொரு முறை விதை திரட்டச் சென்றபோது பிடிபட்டுச் சிறையில் அடிபட்டு, அதனாலேயே மாண்டார். அந்த மரவகையின் அறிவியல் பெயர் வேறு மனிதர்களை நினைவூட்டுகிறது. மாமானிக்கு அதில் இடமில்லை என்பது பெரும் அநீதி.

காற்று நஞ்சல்ல என்பது விரைவிலேயே நிறுவப்பட்டது. அல்ஜீரியாவில் 1880-இல் லவெரான் நோயாளியின் குருதியில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். 1897-இல் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் அதைக் கொசுவின் வயிற்றில் கண்டார். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் மெதுவாக ஓடும் தெளிந்த ஓடைகளில் பெருகும் அனோபிலிஸ் வகைக் கொசுவே அங்கே முதன்மையான கடத்தி.

வந்தவர்கள் நஞ்சென்று அஞ்சிய அதே காட்டில் காணிக்காரர் என்னும் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தனர். தமிழும் மலையாளமும் கலந்த ‘மலம்பாஷை’ அவர்களுடைய பேச்சு. ஊர்த்தலைவர் மூட்டுக்காணி, நோய் தீர்ப்பவர் பிலாத்தி. வெட்டுவரிகள் கொண்ட கொக்கரை என்னும் இரும்புக் குழலைக் கம்பியால் உரசி ஒலியெழுப்பியவாறு பிலாத்தி இரவெல்லாம் பாடும் சாற்றுப்பாட்டு, அவர்களது மருத்துவத்தில் மூலிகைக்கு நிகரான இடம் பெற்றது. இம்மக்கள் ‘சாத்தான் களஞ்சா’ என்றழைத்த செடியே இன்று ‘ஆரோக்கியப்பச்சை’ எனப் பெயர்பெற்றிருக்கிறது. நிழலடர்ந்த ஓடைக்கரையில், தரையையொட்டிக் கிழங்குத் தண்டிலிருந்து கிளைத்து, இதயவடிவ இலைகளோடு வளரும் இச்சிறுசெடியின் பசுங்காயைத் தின்றபடியே காணிக்காரர் பசியும் களைப்பும் தெரியாமல் நெடுந்தூரம் நடந்தனர். இது மலேரியாவுக்கு மருந்தன்று. காட்டில் உடல் தளராமல் காப்பதே இதன் பயன்.

இச்செடியை வெளியுலகம் அறிந்தது 1987 டிசம்பரில். பழங்குடியினரின் தாவர அறிவைத் தொகுக்கும் அனைத்திந்திய ஆய்வுத் திட்டத்தின் குழு, பி. புஷ்பாங்கதன் தலைமையில் அகத்தியமலைக் காட்டுக்குள் சென்றபோது, வழிகாட்டிகளாக வந்த காணிக்காரர்கள் களைப்பின்றி நடப்பதையும் இடையிடையே எதையோ மெல்லுவதையும் ஆய்வாளர்கள் கவனித்தனர். தம் குலத்தார் காத்த இரகசியம் என்று வழிகாட்டிகள் முதலில் தயங்கினர். வற்புறுத்தலுக்குப் பின்னரே செடியைக் காட்டினர். அவர்களுள் மல்லன் காணி, குட்டிமாத்தன் காணி ஆகியோரின் பெயர்களாவது பதிவாகியிருப்பது, மாமானியின் கதையை அறிந்தவர்க்குச் சிறிது ஆறுதல் தரும்.

பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிலையம் இச்செடியின் இலையோடு வேறு மூன்று மூலிகைகளைச் சேர்த்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கி, 1995-இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு ஏழாண்டு உரிமம் வழங்கியது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய்; விற்பனையில் 2 விழுக்காடு உரிமத்தொகை; இரண்டிலும் சரிபாதி காணிக்காரர்களுக்கு என்று நிலையம் முடிவு செய்தது. பழங்குடியினரின் அறிவுக்குப் பங்கு தரவேண்டும் என்று 1992-இன் பல்லுயிர் உடன்படிக்கை உலகநாடுகளை வலியுறுத்தியிருந்தாலும், இந்தியாவில் அதற்கான சட்டம் 2002-இல்தான் வந்தது. சட்டத்துக்கு முன்பே எடுக்கப்பட்ட இம்முடிவு உலக அளவில் முன்மாதிரியாகப் பேசப்பட்டது நியாயமே. தொகையைப் பெறுவதற்கென 1997-இல் கேரள காணி சமுதாய நல அறக்கட்டளை பதிவாயிற்று.

ஆனால் செயற்பாட்டில் இடர்கள் மிகுந்தன. காட்டுக்கு வெளியே பயிரிட்டால் செடியின் வீரியம் குறைவதால் காடே அதன் விளைநிலமாக இருக்க வேண்டியிருந்தது. வனத்துறையோ, காட்டுச்செடி களவுபோகும் என்ற கவலையில், இலை பறிப்பதற்குத் தடை போட்டது. காணிக்காரர்களுக்குள்ளும் குலமரபின் இரகசியத்தை விற்க எவருக்கு உரிமை என்ற பூசல் எழுந்தது. மேலும், 1956 நவம்பர் 1-இல் வகுக்கப்பட்ட மாநில எல்லையின் மறுபுறம், கன்னியாகுமரி மாவட்டத்தின் பேச்சிப்பாறைப் பகுதியிலும் பாபநாசம் மலைகளிலும் அதே குலத்தைச் சேர்ந்த காணிக்காரர்கள் வாழ்கின்றனர். கேரளத்தின் பெயரில் அமைந்த அந்த அறக்கட்டளையில் அவர்களுக்கு இடமில்லை.